எழுநூறு அடி வகுப்பு

கிஸில்-தாம் ஊர் அரசுப் பள்ளியில், ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சு அந்த நவம்பரில் கரும்பலகையிலிருந்து எழுநூறு அடி தள்ளிப் போயிருந்தது. வெளியே நின்று அளந்தால் கட்டடம் பழைய முப்பது அடிதான். தலைமையாசிரியர் கெங்கேஷ் இரண்டு முறை டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுவரு சரியா இருக்கு, கூரை சரியா இருக்கு. உனக்கு என்னம்மா குறை?" என்று கணக்கு டீச்சர் துர்சுனாயிடம் கேட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் முதல் தேதி உட்காரும் பட்டியலைக் கையில் கொடுத்தவரும் அவர்தான். முதல் பெஞ்சில் மாவட்டத் தலைவரின் மகள் அய்தனா. அவளுக்கு அடுத்து மற்ற அதிகாரிகளின் பிள்ளைகள், நடுவில் கடைக்காரர்களின் பிள்ளைகள். கடைசியில், அப்பா அம்மா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட, உறவினர் வீட்டில் வளரும் நான்கு பேரும், பள்ளிக்கூடத்துக் கரி அடுப்பை மூட்டும் தாலாயின் மகள் உமுத்கானும். பதினோரு வருடமாக இப்படி ஒரு பட்டியல் வருவதும், துர்சுனாய் அதை மறுபேச்சில்லாமல் சுவரில் ஒட்டுவதும் வழக்கம். இந்த வருடம் மட்டும் அறை நாளுக்குப் பத்தடி வளர்ந்தது. கடைசி பெஞ்சுக்காரர்கள் ரொட்டி கட்டிக்கொண்டு அரை மணி முன்னதாக வந்தார்கள். பெயர் கூப்பிட்டால் உமுத்கானின் "இருக்கேன்க்கா" இரண்டு மூச்சு கழித்து வந்து சேர்ந்தது. மாகாணத்திலிருந்து வந்த பள்ளி ஆய்வாளர்கள் முன்பக்கத்து அடுப்பை ஒட்டி உட்கார்ந்து கேட்டார்கள், அய்தனா எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொன்னாள், அவர்கள் ஆட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

அந்த நவம்பரிலேயே ஒருநாள் உமுத்கானின் குரல் வரவேயில்லை. துர்சுனாய் சுண்ணக்கட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆறாவது பெஞ்சுக்கு அப்பால் காற்று அடித்தது. பத்தாவதுக்கு அப்பால் தரையில் பனி கிடந்தது. கடைசி பெஞ்சில் ஐந்து பேரும் ஒரே கம்பளிக்குள் ஒடுங்கி, பெஞ்சுப் பலகையில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அன்று காலை கேட்ட கேள்விக்கும், நேற்று கேட்டதற்கும், போன மாதம் கேட்டதற்கும் அங்கே விடை இருந்தது.

"ஏண்டி, பேரு கூப்பிட்டா வாயத் தெறக்க மாட்டியா?"

"தெறந்தேன்க்கா. எப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். போற வழியில யாராச்சும் எடுத்துக்கிறாங்க. இன்னைக்கு என் பேரையே எடுத்துட்டாங்க போல."

துர்சுனாய் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நடு பெஞ்சுகளைக் கடக்கும்போது கை மாறி, முன் பெஞ்சில் அய்தனாவின் வாயிலிருந்து வந்த விடைகளுக்குத்தான் அவள் இத்தனை நாள் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறாள். அந்தக் குரலில் வேறொரு குரல் கலந்திருந்ததை அவள் முதல் வாரமே கேட்டாள். கேட்டும் போட்டாள். பனியைவிட அதுதான் அவளை அதிகம் நடுக்கியது.

மறுநாள் காலை அவளும் தாலாயும் கரும்பலகையைக் கழற்றி, எழுநூறு அடி சுமந்துபோய்ப் பின்சுவரில் மாட்டினார்கள். கெங்கேஷ் மூச்சு வாங்க நடந்து வந்தார்.

"பட்டியல மாத்த உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"பட்டியல் அப்படியேதான் இருக்குண்ணே. பலகைதான் இடம் மாறியிருக்கு."

மாவட்டத் தலைவரின் மனைவி நேரில் வந்து கத்தினாள். வகுப்புப் பொறுப்பு துர்சுனாயின் கையை விட்டுப் போனது, கணக்குப் பாடம் மட்டும் மிஞ்சியது. ஆசிரியர் அறையில் அவளோடு தேநீர் குடிக்க யாரும் வரவில்லை. ஆனால் பலகையைத் திரும்பத் தூக்கிவர யாருக்கும் தெம்பில்லை. அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்தது. ஒரே வாரத்தில் புதுப் பட்டியல் வந்தது. அதிகாரிகளின் பிள்ளைகள் பின்சுவர்ப் பக்கம், உமுத்கானும் மற்றவர்களும் பழைய முன் பெஞ்சில். அறை எதிர்த்திசையில் வளரத் தொடங்கியது.

துர்சுனாய் அந்தப் பட்டியலையும் சுவரில் ஒட்டினாள். பிறகு தாலாயின் கரி வண்டியைக் கேட்டு வாங்கி, பலகையை அதில் நிமிர்த்திக் கட்டினாள். அன்றிலிருந்து நின்ற இடத்தில் பாடமில்லை. தள்ளிக்கொண்டே போவாள், ஒவ்வொரு பெஞ்சாக நிறுத்துவாள், கேள்வி கேட்டுவிட்டு, விடை சொல்லும் வாயருகே காதைக் கொண்டுபோய் வாங்கிக்கொள்வாள். முதல் முறை அய்தனாவின் அருகே குனிந்தபோது அவளிடம் விடை எதுவும் இல்லை. அவள் அழுதாள். "தெரியலன்னு சொல்லு, போதும்" என்றாள் துர்சுனாய். "தெரியலக்கா" என்று அய்தனா சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு, துர்சுனாய் அவளுக்கே சொந்தமான மதிப்பெண்ணாக ஐந்துக்கு ஒன்று போட்டாள்.

அறை சுருங்கவில்லை, அதற்குமேல் வளரவும் இல்லை. அதற்குப் பிறகு ஒன்பதாவது வருடம் அந்தப் பள்ளிக்கு வந்த இளம் ஆசிரியைக்கு, கெங்கேஷ் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, கணக்கு வகுப்புக்குப் போவதானால் வண்டியைத் தள்ளி நடக்க நல்ல கம்பளி பூட்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.