மண்ணெண்ணெய்க் கால்

குறிகட்டுவான் இறங்குதுறையில் அன்று மத்தியானம் ஒரேயொரு வாகனம்தான் நின்றது. அது சிவகரனுடைய மின்சாரக் கார். வாடைக் காற்று எழும்பிவிட்டது, படகு ஓடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். நயினாதீவுக்குப் போக வந்தவர்கள் கரையில் நின்றபடியே அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவர்களோடு பஸ்ஸும் போயிற்று, ஓட்டோக்காரர்களும் போனார்கள்.

சிவகரன் போகவில்லை. மண்கும்பானில் அவனுக்கு வீடு இருந்தது. வீட்டில் ஆள் இல்லை. போய்த்தான் என்ன என்று ஏசியைப் போட்டு, சீட்டைச் சரித்துப் படுத்துவிட்டான். மழை விட்ட புழுக்கம். நெடுநேரம் அப்படியே கிடந்தான். பற்றறி சொட்டுச் சொட்டாக இறங்குவது தெரிந்துதான் இருந்தது. வீடு போய்ச் சேர அது போதுமோ என்று திரையைப் பார்க்கவில்லை.

அந்தக் காரில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பொத்தான் உண்டு. அமத்தினால் கார் சாதுவாகிவிடும். பெற்றோல் எஞ்சின் என்றால் மூச்சிழுத்து, இரைந்து, அதற்குப் பிறகுதான் எழும்பும். மின்சாரக் காருக்கு அந்த ஆயத்தம் இல்லை. கால் பட்ட கணத்திலேயே வைத்திருக்கிற பலத்தையெல்லாம் சில்லுக்குக் கொடுத்துவிடும். வாங்கிய புதிதில் மனைவி நிலாந்தி ஓட்டிப் பார்த்து, வேலியோடு போய் நின்று, இது கார் இல்லை, கட்டறுத்த நாம்பன் மாடு என்றாள். வயிற்றில் பிள்ளை தங்கியபோது அந்தப் பாய்ச்சலுக்கு அவளுக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்தது. அவள்தான் பொத்தானை அமத்தி விட்டவள். அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் கார் யோசித்து யோசித்துத்தான் பலத்தை விட்டது.

பிள்ளைப்பேற்றில் தாயும் போய்ப் பிள்ளையும் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குத்தான் கொண்டுபோயிருந்தான். உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே மர வாங்கில் குந்தியிருந்தான். செய்யச் சொல்லி அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன், லீவு போட்டவன், பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. துறைக்கு ஆள் ஏற்றி இறக்கினான். அதற்குப் பேச்சுத் தேவையில்லை. பொத்தான் அவள் விட்டபடி இருந்தது.

படகு ஓடாத கடலில் ஒரு வள்ளம் வந்ததைச் சிவகரன் கண்ணாடிக்குள்ளால் கண்டான். நெடுந்தீவு எமிலியானுஸின் வள்ளம். அவரைத் துறையில் எல்லோருக்கும் தெரியும், அவருடைய வாயையும் தெரியும். ஒருமுறை மீன்பெட்டி ஏற்றக் கேட்டு, இவன் மறுத்துவிட்டான். சத்தம் போடாத எஞ்சினும் சிரிக்காத சாரதியும், இது செத்தவீட்டுக் கார் என்று அவர் சொல்ல, ஓட்டோக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் அவர் காதில் ஏதோ சொன்னான். அன்றிலிருந்து எமிலியானுஸ் இந்தக் கார் நிற்கிற பக்கம் பார்ப்பதில்லை.

இப்போது நேரே காரை நோக்கித்தான் ஓடிவந்தார். தோளில் மகள் ஜெனீற்றா கிடந்தாள்.

“தம்பி, கார் ஓடுமோ?”

விடியவெள்ளென வலை தட்டும்போது கடற்பாம்பு ஒன்று மீனோடு கிடந்திருக்கிறது. வழக்கம்போல அவள் அதை வெறுங்கையால் எடுத்து எறிந்தாள். நெடுந்தீவில் எல்லோரும் அப்படித்தான் எறிவார்கள். கடற்பாம்பு வாய் திறக்காது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. விரலில் முள்ளுக் குத்தினமாதிரி ஒரு நோவு. இரத்தமில்லை, வீக்கமில்லை. வேலையைப் பார்த்தாள். மீனைக் கொண்டு தகப்பனோடு வள்ளத்தில் ஏறினாள். நடுக்கடலில் உடம்பு உளையுது என்றாள், பிறகு கழுத்து நிற்கவில்லை. திரும்பினாலும் அதே தூரம் என்று எமிலியானுஸ் முன்னாலேயே விட்டார்.

சிவகரன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். இமைகள் பாதியில் தொங்கின. கண் விழித்துத்தான் இருந்தது, இமையைத் தூக்கத்தான் ஏலவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. இந்த நஞ்சு தசைகளை ஒவ்வொன்றாகத் தூங்கவைக்கும். கடைசியாகத் தூங்குவது மூச்சை இழுக்கிற தசை. அதற்குள் மூச்சு மிசினில் போட்டால் ஆள் திரும்பலாம்.

அவசர நம்பருக்கு எடுத்தான். ஆம்புலன்ஸ் வேறு நோயாளியோடு யாழ்ப்பாணம் போயிருக்கிறது, வேலணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், மூச்சுக் கொடுக்க ஆயத்தமாக நிற்கச் சொல்கிறோம் என்றார்கள். அப்போதுதான் அவன் முன் திரையைப் பார்த்தான். பற்றறியில் கடைசிக் கோடுகள் நின்றன. வேலணைக்கு மட்டுமட்டு. அதுவும் காற்றில்லாவிட்டால்.

காலையிலிருந்து இந்தக் குளிருக்குள் சும்மா கிடந்து எரித்துவிட்டேன் என்ற நினைப்பு வந்தது. அதை ஒதுக்கிவிட்டு ஏசியை நிற்பாட்டினான். காரை எடுத்தான்.

புங்குடுதீவுக்குள்ளால் போகும்போது வாடை முகத்தில் அடித்தது. பூட்டிக் கிடந்த வெளிநாட்டுக்காரரின் வீடுகள், ஈர ரோட்டு, ஒரு நாய். சிவகரன் காலை முட்டையின் மேல் வைத்தமாதிரி வைத்திருந்தான். பின்சீட்டில் மகளை மடியில் கிடத்திக்கொண்டு எமிலியானுஸ் அமத்தும் அமத்தும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அமத்தினால் பற்றறி ஒரேயடியாக இறங்கி, கார் பலத்தைப் பூட்டிவிடும் என்று சிவகரன் ஒருதரம் சொன்னான். எமிலியானுஸ் கேட்கவில்லை. கை நீட்டி, எரிந்துகொண்டிருந்த பொத்தானைக் காட்டினார்.

“இதென்ன, இதுதான் பிடிச்சு வைச்சிருக்கோ?”

“அதிலை கை வையாதேங்கோ.”

அந்தக் குரலில் என்ன கேட்டாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

அப்பா, நாக்குத் தடிக்குது என்றாள் ஜெனீற்றா. பிறகு ஏதோ சொன்னாள், சொல்லாக வரவில்லை. கடலுக்கு நடுவால் வேலணைக்குப் போகிற தாம்போதி ரோட்டு தொடங்குகிற இடத்தில் எமிலியானுஸின் முனகல் சட்டென்று நின்றது. சிவகரன் திரும்பிப் பார்த்தான். அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு எழும்பப் பார்த்தது, எழும்பவில்லை.

காரை நிறுத்தினான். முன்னும் பின்னும் ரோட்டு வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு பக்கமும் கடல்.

“அண்ணை, ஓட்டத் தெரியுமோ?”

“மண்ணெண்ணெயிலை ஓட்டினனான்.”

பெற்றோல் வராத சண்டைக் காலத்தில் அவர் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டியவர். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட வேண்டும். கால் ஓய்ந்தால் எஞ்சின் செத்துவிடும். மிதித்து விட்டு, மிதித்து விட்டு, பிள்ளையைத் தாலாட்டுகிறமாதிரி அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அப்படி ஓட்டினவருக்கு வாகனம் என்றால் அதுதான்.

எமிலியானுஸ் சாரதி சீட்டுக்குப் போனார், சிவகரன் பின்னால் ஏறினான். அவளுடைய தலையைப் பின்னே சரித்து, நாடியைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினான். நெஞ்சு எழும்பியது. பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பில் பிளாஸ்ரிக் பொம்மையில் செய்து காட்டியது. பொம்மையின் வாய் சூடாக இருக்கவில்லை. எமிலியானுஸ் முன் கண்ணாடியில் அதைக் கண்டு, கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார்.

கார் பாய்ந்தது. உடனே பிடித்தது. திரும்பப் பாய்ந்தது. கால் பட்டால் பாய்கிற கார், கால் எடுத்தால் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிற கார். அந்தச் சாதுப் பொத்தான் பாய்ச்சலைத்தான் குறைக்கும், பிடியை அல்ல. அது எரிந்தும் பலனில்லை. ஒவ்வொரு மிதிக்கும் சிவகரனுடைய வாய் வழுக்கியது, மூச்சுக் கன்னத்தால் போயிற்று. சீட்டுக்கு நடுவால் திரையைப் பார்த்தான். கடைசிக் கோடு அணைந்தது.

“காலை எடுக்காதேங்கோ.” ஊதினான். “ஒரேமாதிரி வைச்சிருங்கோ.” ஊதினான்.

எமிலியானுஸ் அழுதுகொண்டிருந்தார்.

“நான் எடுக்கேல்லைத் தம்பி. கால் எடுக்குது.”

அது உண்மைதான். சிவகரன் அந்தக் காலைப் பார்த்தான். அவர் பிடரியை விறைத்து, பல்லைக் கடித்து, காலை அழுத்தி வைக்கப் பார்த்தார். அது இரண்டு துடிப்புக்குப் பொறுத்தது, பிறகு பழையபடி ஆடத் தொடங்கியது. அது அவருடைய பேச்சைக் கேட்கிற கால் இல்லை. கார் சாகப்போகிறது என்று அது நம்பியது. அதைச் சாகவிடாமல் வைத்திருக்கத்தான் அது பாடுபட்டது. அந்தப் பாடே காரைச் சாகடித்துக்கொண்டிருந்தது. கடற்காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. ஜெனீற்றாவின் கை சீட்டிலிருந்து விழுந்து ஆடியது. இவளும் போகிறாள் என்று சிவகரன் நினைத்தான். ஊதினான்.

மற்றக் கால் சும்மா கிடந்தது. எமிலியானுஸின் இடது கால். கிளச் மிதித்த கால். கிளச்சை ஒருவரும் துடிக்கத் துடிக்க மிதிப்பதில்லை, மெல்ல அமத்தி மெல்ல விடவேண்டும்.

“அண்ணை, இடது காலை வையுங்கோ.” ஊதினான். “வலதை உள்ளுக்கு மடக்குங்கோ. கிளச் எண்டு நினைச்சு அமத்துங்கோ.” ஊதினான். “அரைக் கிளச். பிறேக் வேண்டாம், கார் தானா நிக்கும்.”

எமிலியானுஸ் உடம்பை முறுக்கி இருந்தார். கார் ஒருதரம் தளர்ந்தது. பிறகு எழும்பியது, மெல்ல, ஒரு சீராக. பாய்ச்சல் நின்றுவிட்டது. இப்போது ஊதிய மூச்செல்லாம் உள்ளே போயிற்று. சில்லுக்கும் தாருக்கும் நடுவில் ஒரு சத்தம் கேட்டது, காற்றுக் கேட்டது, வேறொன்றும் இல்லை. தாம்போதி முடிந்ததை அவன் பார்க்கவில்லை. காற்றுக் குறைந்ததில்தான் தெரிந்தது.

வேலணைப் பக்கம் கொஞ்சத் தூரம் போனதும் திரையில் ஆமை விளக்கு வந்தது. இனி எப்படி மிதித்தாலும் கார் ஆமைதான். சைக்கிளில் போன ஒரு பெட்டை அவர்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி மதில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கார் ஒரு பெருமூச்சுக்கூட விடாமல் நின்றுவிட்டது.

எமிலியானுஸின் வலது கால் மடக்கின இடத்திலிருந்து வெளியே வந்து, செத்த பெடலை மிதித்து விட்டது, மிதித்து விட்டது.

“இறங்கித் தள்ளுங்கோ” என்றான் சிவகரன். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மூச்சை விடவேண்டும். அவன் விடத் தயாரில்லை. ஒரு கையால் அவளுடைய நாடியைத் தூக்கிப் பிடித்தபடி மற்றக் கையை முன்னே நீட்டி நியூட்ரலுக்குத் தள்ளினான். எமிலியானுஸ் பின்னால் போய், மணலில் வள்ளத்துக்குத் தோள் கொடுக்கிறமாதிரி கொடுத்தார். சைக்கிள்ப் பெட்டை சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஸ்ரியரிங்கைப் பிடித்தாள். கடையில் நின்ற இரண்டு பேர் வந்தார்கள். கார் ஆஸ்பத்திரிப் படலைக்குள் உருண்டது. வாசலில் நின்றவர்கள் கதவைத் திறந்து, றப்பர்ப் பையை அவளுடைய முகத்தில் வைத்து அமத்தி, அவனைத் தோளில் தொட்டார்கள்.

“விடுங்கோ. நாங்கள் குடுக்கிறம்.”

அவன் விட்டான். அவளைக் கொண்டுபோனார்கள். அவனுடைய வாய் தன்பாட்டில் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

இந்தமுறையும் வெளியே ஒரு வாங்கு இருந்தது. சிவகரன் அதில் இருக்கவில்லை. எமிலியானுஸும் இருக்கவில்லை. இருவரும் சுவரோடு நின்றார்கள்.

“மூச்சு நிண்டதோ தம்பி?”

“அவவின்ரை நிண்டது. நான் நிக்க விடேல்லை.”

டொக்டர் வந்து சொன்னார். இருதயம் அடிக்கிறது. குழாய் போட்டிருக்கிறோம். ஆம்புலன்ஸ் திரும்பி வந்துவிட்டது, யாழ்ப்பாணம் கொண்டுபோய் மிசினில் விடவேண்டும். நஞ்சு இறங்கும்வரைக்கும் வேறு ஆள் அவவுக்காக மூச்சு விடவேண்டும். இறங்குமோ, மூளைக்கு மூச்சுக் காணாமல் போன நேரம் எவ்வளவோ, இப்போது சொல்ல ஏலாது. ஒருவர் மட்டும் துணைக்கு வரலாம் என்றார்.

எமிலியானுஸ் ஆம்புலன்ஸில் ஏறப் போனார். ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“நீரும் வாரும் தம்பி. நீர் நிப்பாட்டினால் எனக்குப் பயமாக் கிடக்கு.”

டொக்டர் இருவரையும் பார்த்து, கதவை விட்டு விலகி நின்றார்.

காவலாளி வந்து, படலையை மறித்துக்கொண்டு நிற்கிற கார் யாருடையது, எடுக்கவேண்டும் என்றான். சிவகரன் திரும்பிப் பார்த்தான். கதவுகள் திறந்தபடி கிடந்தன. உள்ளே ஒரு விளக்கும் இல்லை. அந்தப் பொத்தானிலும் இல்லை. கார்த் திறப்பைக் காவலாளியின் கையில் வைத்தான்.

“பற்றறி முடிஞ்சுது. ஓரமாத் தள்ளி விடுங்கோ.”

ஆம்புலன்ஸ் மண்கும்பானைத் தாண்டும்போது அவன் வெளியே பார்க்கவில்லை. தாதி பையை அமத்துகிற கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அமத்தினாள், விட்டாள். அமத்தினாள், விட்டாள். ஜெனீற்றாவின் இமைகள் மூடிக் கிடந்தன. உள்ளே அவள் விழித்திருக்கக்கூடும் என்று அவனுக்குத் தெரியும். எமிலியானுஸுக்கு அதைச் சொல்லவில்லை.

எதிரே இருந்த எமிலியானுஸின் வலது கால் ஆம்புலன்ஸின் தகரத் தளத்தில் தட்டிக்கொண்டேயிருந்தது. மிதித்து விட்டு, மிதித்து விட்டு. அவருக்கு அது தெரியவில்லை. சிவகரன் தன் காலை நீட்டி அந்தப் பாதத்தின் மேல் வைத்து, மெல்ல அமத்தினான். அது துடித்தது. அவன் எடுக்கவில்லை.