முட்டி வலிக்கு ஏற்ற வண்டி

மின்சார அலுவலகத்தில் அவருக்குக் கம்பம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அந்த முதுகைப் பார்த்துத்தான் பெயரே வந்தது. பொறியாளராக இருந்த காலம் முழுக்க அவர் நாற்காலியில் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு சோபாவின் விளிம்பில்தான் உட்காருவார், யாரோ பதவிப் பிரமாணம் செய்துவைக்க வரப்போகிறார்கள் என்பது போல. பெயர் தன் காதுக்கு எட்டியபோது கோபித்துக்கொள்வதாகக் காட்டிக்கொண்டார். உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

அப்படிப்பட்டவர் ஒரு கார் வாங்கக் கிளம்பி, குடும்ப மானத்தையே அதன் முன்சீட்டில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்.

பேத்தியின் பிறந்தநாள் விருந்தில் ஆரம்பித்தது. அப்பாவின் பழைய வண்டி நடுவழியில் நிற்கிறது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று மகள் பேச்செடுத்தாள். இரண்டு வண்டிகள் பேச்சில் அடிபட்டன. ஒன்று, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் ஸ்போர்ட்ஸ் செடான். மற்றது, சொகுசு ரகத்தில் ஆரம்ப விலைக்குக் கிடைப்பது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பந்தியிடம், அதாவது மகளின் மாமனாரான பல் டாக்டரிடம், முதல் ரக வண்டி ஏற்கெனவே இருந்தது. சிவப்பு நிறம். வாசலுக்கு வரும்போதே உறுமிக்கொண்டு வரும்.

டாக்டர் கேக்கைக் கரண்டியால் வெட்டிக்கொண்டே சொன்னார்: "சம்பந்திக்கு அந்தச் சொகுசு வண்டிதான் சரி. என் வண்டிக்கெல்லாம் இடுப்பு வேணும்."

எந்த இடத்தில் ஊசி போட வேண்டும் என்று பல் டாக்டர்களுக்குத் தெரியும். கம்பம் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"சொகுசு வண்டியில ஆரம்ப விலைன்னா, பெரிய வீட்டுல செருப்பு விடற இடத்துல நிக்கற மாதிரி. நான் வாங்கினா உங்களோடது மாதிரிதான் வாங்குவேன்."

சொல்லி முடித்ததும் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தி முன்னால் அவர் வாயிலிருந்து வந்த சொல் திரும்ப உள்ளே போகாது. கல்யாணப் பேச்சு நடந்த நாளில், கெத்தாக இருக்கட்டும் என்று "நான் இனிப்பு தொடறதில்லை" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து சம்பந்தி இருக்கும் இடத்தில் ஒரு துண்டு இனிப்பு அவர் வாயில் பட்டதில்லை. இந்தப் பிறந்தநாளிலும் அவர் தட்டில் கேக் இல்லை, கண்ணில்தான் இருந்தது.

ஆக, சொன்ன சொல்லைக் காப்பாற்ற அடுத்த வாரம் மனைவியோடு ஷோரூமுக்குப் போனார்.

கண்ணாடி போலத் துடைத்த தரை, குளிர்ந்த காற்று, சிரித்த முகத்தோடு ஒரு விற்பனைப் பெண். ஸ்போர்ட்ஸ் செடானை ஓட்டிப் பார்க்க வெளியே நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்லக்கூடாது, விழுந்தார். இருக்கை அவர் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. அதற்கும் ஒரு முழம் கீழே இருந்தது. அதன் இரு பக்க மெத்தைகளும் விலாவைப் பிடித்துக்கொண்டன. விழுந்ததை வேகம் என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். "சார் செம ஸ்டைலா ஏர்றீங்க" என்றாள். அவரும் மறுக்கவில்லை.

ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. மிதித்தால் பாய்ந்தது, திருப்பினால் திரும்பியது. ஒரே ஒரு வருத்தம், சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் அவர் இடுப்புக்குத் தனித்தனியாக வணக்கம் சொன்னது. பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். திரும்பி வந்து வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

கால் வந்தது. மற்றதெல்லாம் வரவில்லை.

ஸ்டீயரிங்கைப் பிடித்து உந்தினார். கூரையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கைகளை இருக்கையில் ஊன்றி மூச்சைப் பிடித்தார். கம்பம் நட்ட இடத்திலேயே நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்து ஒரே துள்ளலில் இறங்கிவிட்ட அந்தப் பெண், கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு எதிரே காத்திருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நாலைந்து பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் பார்க்க ஒரு சின்னப் பெண்ணிடம் கை கொடு என்று கேட்பதா? அவர் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"இன்னொரு ரவுண்டு" என்றார்.

இரண்டாவது சுற்று முடிந்தது. அதே கால், அதே கதை. இந்த முறை பாட்டுப் பெட்டியின் ஒலி எப்படி என்று விசாரித்தார். அதற்காகவே உட்கார்ந்திருப்பவர் போல ஒரு முழுப் பாட்டையும் கேட்டார். வாழ்நாளில் பாட்டுக்காக அவர் ஒரு நிமிடம் செலவழித்ததில்லை. பிறகு வளைவுகளில் வண்டி எப்படி என்று தெரிய வேண்டும் என்றார். மூன்றாவது சுற்று. விற்பனைப் பெண் உள்ளே போய் மேலாளரிடம், ஒருவர் இந்த வண்டியின் மேல் பைத்தியமாகிவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்தாள். மேலாளர் வெளியே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பெட்ரோல் விளக்கு எரியத் தொடங்கியது.

அப்போதுதான் மனைவி வந்து ஜன்னல் அருகே குனிந்தாள்.

"எந்திரிக்க முடியலையா?" அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"வண்டியைப் பரிசோதிக்கறேன்."

"வண்டிதான் உங்களைப் பரிசோதிக்குது. கொஞ்சம் இருங்க."

அவள் அந்தப் பெண்ணைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாள். கைப்பையிலிருந்து குடையை எடுத்துக் கண்ணாடிச் சுவர் பக்கமாக விரித்தாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடைக்குப் பின்னால் அவர் இரண்டு கையையும் பற்றிக் காலை ஊன்றி இழுத்தாள். பழைய பீரோவை நகர்த்தும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. வெளியே வந்து நின்றதும் முதல் வேலையாகச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு சொகுசு வண்டியில் உட்கார்ந்து பார்த்தார்கள். வீட்டு நாற்காலி உயரத்தில் இருக்கை. உட்கார்ந்தார், எழுந்தார். நம்ப முடியாமல் மறுபடியும் உட்கார்ந்து எழுந்தார். ஓட்டிப் பார்த்தபோது சாலையில் கற்கள் இருந்ததாகவே தெரியவில்லை. செருப்பு விடுகிற இடமே இவ்வளவு சுகமென்றால் கூடம் எப்படி இருக்கும் என்று நினைத்தார். ஆனால் முகம் வாடியே இருந்தது.

"அந்த மனுஷன் சிரிப்பானே. சம்பந்தி வாக்குத் தவறிட்டார்னு நாலு பேர்கிட்ட சொல்லுவான். பொண்ணுக்குத்தான் தலைகுனிவு" என்றார்.

மனைவி பெருமூச்சு விட்டாள். "எனக்கு முட்டி வலின்னு சொல்லிடுங்க. தாழ்ந்த வண்டியில ஏறி இறங்க முடியலைன்னு."

அவள் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. மொட்டை மாடிக்கு ஈரத்துணி வாளியோடு நிற்காமல் ஏறுகிறவள். ஆனால் குடும்ப மானத்துக்கு ஆபத்து வந்தபோதெல்லாம் நோயில் விழுந்தது அவள்தான். தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அவர் முறைத்துக்கொண்டு போகாதபோது அவளுக்குத் தலைவலி. நடைப்பயிற்சிக் குழுவில் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் விலகியபோது அவளுக்கு ரத்த அழுத்தம். அவள் உடம்பை நம்பித்தான் அவர் இத்தனை காலம் நிமிர்ந்து நின்றிருக்கிறார். இது தெரிந்தும் அவர், பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கிறவர் போல, "சரி, உனக்காக" என்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடையை மடித்தாள்.

வெள்ளை நிறச் சொகுசு வண்டி வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி குடும்பம் அதைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் முன்னதாகவே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஜன்னலோரம் நின்று, முட்டி வலியைப் பற்றி எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. சம்பந்தி அம்மாள் இறங்கி உள்ளே வந்தார். டாக்டர் வழக்கம்போல இறங்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே இருந்தார். எங்கே வந்தாலும் இதுதான் அவர் பழக்கம். எல்லோரும் உள்ளே போன பிறகுதான் வருவார். பெரிய மனிதத் திமிர் என்று கம்பம் இத்தனை நாளும் வயிறெரிந்திருக்கிறார். இன்று ஜன்னல் வழியே கூர்ந்து பார்த்தார்.

கதவு திறந்தது. ஒரு கால் வெளியே வந்தது. ஒரு கை கூரையின் விளிம்பைத் தடவியது. கால் உள்ளே போனது. போன் மறுபடியும் காதுக்குப் போனது.

அந்தக் காலை அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பதற்கில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, வாங்க, சம்பந்தியை வாசலில் போய் வரவேற்போம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேக் தின்னாத அத்தனை வருடத்துக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்ந்துவிடும். வாயைத் திறந்தும்விட்டார். கூடத்தில் மாப்பிள்ளை, தன் அப்பாவை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி தாத்தா ஏன் இன்னும் வரவில்லை என்று எழுந்தாள்.

"எல்லாரையும் சாப்பாட்டு மேஜைக்குக் கூட்டிட்டுப் போ. நான் அவரை அழைச்சிட்டு வர்றேன்" என்றார் மனைவியிடம். அவள் ஜன்னலை ஒரு முறை பார்த்தாள். குடையை எடுத்து நீட்டினாள்.

வாசலுக்குப் போய்க் கார்க் கதவருகே குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

"போன்ல யாரு?"

"ஒரு பேஷண்ட். அவசரம். நீங்க உள்ள போங்க சம்பந்தி, வந்துடறேன்."

போனின் திரை இருட்டாக இருந்தது.

"பேஷண்ட்டை அப்புறம் பாத்துக்கலாம். கையைக் குடுங்க."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். குடையைப் பார்த்தார். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். கம்பம் வளைந்து, இடுப்பில் எங்கோ ஒரு நரம்பு சுளீரென்று இழுக்க, அவரை வெளியே இழுத்தார். பிறகு இரண்டு பேருமே சிவப்பு வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர், நிழலில் நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வீட்டம்மாவுக்கு முட்டி வலின்னு மருமக சொன்னா."

"ஆமா. பாவம், ரொம்பக் கஷ்டப்படறா."

"எங்க வீட்டம்மாவுக்கும் ஆரம்பிச்சிடும் போலத்தான் தெரியுது."

"சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார் கம்பம். "கடையில வெள்ளையில இன்னும் ஒண்ணுதான் இருக்கு."