கடைசி அத்தியாயத்துக்கு முன்னால்

அந்த நாவல்களில் வரும் ஊர்களில் கொசு கிடையாது. சாக்கடை அடைத்துக்கொள்ளாது, யாருக்கும் மூலநோய் வராது. ஒருத்தி பாத்திரம் கழுவினால் பக்கத்தில் ஒருவன் துணியோடு நின்று துடைத்துக்கொடுப்பான். விரலோடு விரல் படும். இருவரும் வெட்கப்பட்டு ஜன்னல் வழியே பனி பெய்வதைப் பார்ப்பார்கள். ஆலயமணி அடித்தால் ஊரே ஒழுங்காக வந்து உட்காரும். பாதிக் கதைகளில் கதாநாயகி பேக்கரி வைத்திருப்பாள். நானும் பேக்கரியில்தான் வேலை செய்கிறேன். விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடுகிறேன். இரண்டு முன்கைகளிலும் சுடுதட்டு பட்ட தழும்புகள். அந்தக் கதாநாயகிகளில் ஒருத்திக்காவது கை வெந்ததாக யாரும் எழுதவில்லை.

என் அத்தைக்காகத்தான் வாசித்தேன். என் கணவரைப் பெற்றவள். சர்க்கரை நோய் அவள் கண்ணைத் தின்றுவிட்டு, இப்போது காலில் வாயை வைத்திருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, கால் புண்ணைக் கழுவிக் கட்டி, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் வாசிக்க வேண்டும். புத்தகங்களைச் சபை நூலகத்திலிருந்து பாஸ்டரின் மனைவி கொண்டுவந்து கொடுப்பார். பாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

அத்தைக்குப் பிடித்தது, போனவன் திரும்பி வருகிற கதை. பட்டணத்துக்குப் போய்க் கெட்டழிந்தவன், கடைசி அத்தியாயத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பனியில் வந்து நிற்பான். மனைவி விளக்கை ஏற்றி வைத்திருப்பாள்.

"பாத்தியா? பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க?" என்பாள் அத்தை.

என் கணவரும் வேலைக்கென்று வெளியூர் போனவர்தான். முதலில் வாரத்துக்கொரு தடவை பேசினார். பிறகு மாதத்துக்கொரு தடவை. பிறகு நம்பரை மாற்றிக்கொண்டார். பூமியை ஆள்வது இருக்கட்டும், அந்த வீட்டில் துணி வைக்க எனக்கென்று ஒரு அலமாரி கிடையாது. ஆனாலும் காத்திருந்தேன்.

பேக்கரி ஓவனைப் பழுது பார்க்க ஒரு மெக்கானிக் வருவார். மனைவியை இழந்தவர். ஒரு நாள் ஓவனுக்குள் தலையை விட்டபடியே கேட்டார்.

"நீங்க நிஜமாவே காத்திருக்கீங்களா, இல்ல பழகிப்போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் தலையை வெளியே எடுத்து, முகத்தில் கரியோடு சொன்னார்: "எனக்கும் யாருமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

அதைப் போய் அத்தையிடம் சொன்னேன். சொல்லாமல் செய்தால் பாவம் என்று நினைக்கிற அளவுக்கு அந்தப் புத்தகங்கள் என்னைக் கெடுத்து வைத்திருந்தன. அத்தை திட்டவில்லை. பாஸ்டரம்மாவிடம் சொல்லி ஒரு புத்தகத்தை வரவழைத்தாள். அதில் கணவனுக்காகக் காத்திருக்கிற ஒருத்தியை ஒரு நல்ல தச்சன் விரும்புகிறான். அவள் மறுத்துவிடுகிறாள். அவள் மறுத்த மறுநாள் கணவன் வந்து கதவைத் தட்டுகிறான். நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே வாசித்தேன். அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தாள். காலையில் மெக்கானிக்கிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சில மாதம் கழித்து வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணக் கேக்குக்கு மாவு கலக்கியது நான்தான். நன்றாக உப்பி வந்தது.

பிறகு ஒரு நாள் ஓவன் அடியோடு படுத்துவிட்டது. முதலாளி எல்லோரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சுச் சத்தம். அத்தைக்குப் பொத்தான் தெரியாததால் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"பாட்டி, நான் ஒரு பாட்டுப் பாடட்டா?" என்றது ஒரு குழந்தைக் குரல்.

பாடி முடித்ததும் குழந்தையிடமிருந்து போன் கை மாறியது. "அவ ஏதாவது கேட்டாளாம்மா?" என்றார் என் கணவர்.

"அவ எங்கடா கேக்கப்போறா? ஒரு கதைப்புத்தகத்தக் கையில குடுத்தா ரெண்டு வாரம் ஓடும். உண்மை தெரிஞ்சா மூட்டையக் கட்டிருவா. அப்புறம் என் புண்ண யாரு கழுவுவா? உன் பொண்டாட்டி வருவாளா?"

அவர் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறந்தது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதையும் மறைத்து, தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்து, வழக்கமாக வருகிற நேரம் ஆனதும் உள்ளே போனேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படிச் செய்வது அவளுக்குச் செய்கிற தயவு என்று பட்டதால் விட்டுவிட்டேன். பேக்கரிக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. முதலாளியிடம் கேட்டேன்; சாவியைக் கொடுத்துவிட்டார். இரண்டு புடவையைப் பையில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் அந்த வாரப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் பாக்கியிருந்தது. கடைசி அத்தியாயம் என்றால் அத்தை தலையை வாரச் சொல்வாள். கண் தெரியாதவள், விளக்கைப் போடச் சொல்வாள். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைபோல நிமிர்ந்து உட்காருவாள். அன்றைக்குத்தான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன். என்னைக் கட்டிப்போட வாங்கிய கயிற்றில் அவளும் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தலைவலிக்குது அத்தை. நாளைக்கு," என்றேன்.

மறுநாள் வேறு புத்தகம் எடுத்தேன்.

"அது என்னாச்சு?"

"பாஸ்டரம்மா வாங்கிட்டுப் போயிட்டாங்க. யாரோ கேட்டாங்களாம்."

அடுத்த புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன என்றேன். அதற்கடுத்ததற்குக் காரணமே சொல்லவில்லை. அவன் ரயிலைவிட்டு இறங்குவான், தெருமுனையில் திரும்புவான், மூடிவிடுவேன். அத்தையின் விரல்கள் போர்வையில் எதையோ தேடும். அறைக்குப் போவதையும் தள்ளிப்போட்டேன். இந்தப் புத்தகம் முடியட்டும், இந்தப் புத்தகம் முடியட்டும் என்று.

அத்தை பாஸ்டரம்மாவிடம் புகார் சொன்னாள்.

"இவ முடிவ வாசிக்க மாட்டேங்கிறாம்மா."

பாஸ்டரம்மா சிரித்தார். "என்ன பெரிய முடிவு? ரெண்டு பேரும் சேந்துருவாங்க. எல்லாத்துலயும் அதானே!"

"அது தெரியும்மா. ஆனா கேக்கணுமே."

"பாவம், அந்தப் பொண்ணு நாளெல்லாம் நெருப்புல நின்னுட்டு வருது. உங்களுக்குக் கெடச்ச மாதிரி மருமக யாருக்குக் கெடைக்கும்?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

ஒன்றை மறைத்துப் பயனில்லை. அந்தக் கடைசி அத்தியாயங்களை நான் வாசித்தேன். பேக்கரி சாமான் அறையில், மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, பன் வேகிற நேரத்துக்குள் வாசித்துவிடுவேன். எல்லாம் பொய் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவன் தொப்பியைக் கழற்றி, "என்னை உள்ளே விடுவாயா?" என்று கேட்கிற இடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுவேன். உலகத்தில் ஒருவனாவது ஒருத்திக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான் என்று பத்துப் பக்கத்துக்கு நம்ப அத்தனை ஆசையாக இருக்கிறது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தட்டை வெளியே இழுக்கப் போவேன்.

ஒரு சாயங்காலம் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரிஞ்சிருச்சு, இல்ல?"

நான் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டேன். வலித்திருக்கும்.

"அவன் அங்க கல்யாணம் பண்ணிக்கிட்டான். குழந்த இருக்கு. எனக்கு ஆரம்பத்துலேந்தே தெரியும். நான் பாவி, உன்கிட்ட மறைச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நீ போயிரும்மா. இப்பவே போனாலும் சரி. சபையில சொல்லி ஒரு ஆள் வெச்சுக்கறேன். போறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி அத்தியாயத்த மட்டும் வாசிச்சுட்டுப் போ."

இது மன்னிப்பு இல்லை, பேரம். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. பை கட்டிலுக்கு அடியில், சாவி என் இடுப்பில். இதற்குமேல் யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை.

ஆனால் நான் போனால் ஒரு ஆள் வரும். சம்பளத்துக்கு வருகிறவள் சொன்னதைச் செய்வாள். முதல் நாளே, எழுத்துக்கூட்டியாவது, அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்துவிடுவாள். அத்தை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போவாள். அதை நினைத்தால் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு அந்த ஒரு சாயங்காலம் கிடைக்காமலிருப்பது, என் மீதி வாழ்க்கையைவிட எனக்குப் பெரிதாக இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பாஸ்டரம்மா கடைசியாகக் கொடுத்திருந்த புதுப் புத்தகத்தைப் பிரித்தேன். மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். ஒரு பெண் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். அத்தைக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் போனது, இன்னொரு பக்கமும் போனது. அழுகை தேய்ந்து, அவள் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது.

"கொஞ்சம் மெதுவா வாசிம்மா," என்றாள்.