ஒரு லோடு மஞ்சளுக்கு மூன்று லாரி

1

இந்தக் கதை நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் மண்டி வாசலில் பிறந்தது. ஒரு லோடுக்கு மூன்று லாரிகள் வந்து நின்றன. நேரில் பார்த்த ஒருவர் சொன்னார். (யாரென்று கேட்காதீர்கள்.)

2

முதல் வரி: ‘மாசி வெயிலில் மஞ்சள் மணம்…’ அடித்துவிட்டேன். மணத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

வித்யா என்று ஒரு பெண். மண்டிக்காரர் கதிர்வேலுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவள். ‘லாரி வேண்டும்’ என்று அமுக்கினால், லாரி புக்கிங் ஆபீசின் ஏபிஐக்கு, அதாவது அவர்கள் கம்ப்யூட்டர் ஆர்டர் வாங்கும் வாசலுக்கு, செய்தி போக வேண்டும். அதற்கு ஒரு கிளையண்ட் லைப்ரரியைச் சேர்த்தாள்.*

* கல்யாணத் தரகர் மாதிரி. இங்கே சொன்னதை அங்கே புரியும்படி சொல்லும். பதில் வரத் தாமதமானால் சும்மா இருக்காது, திரும்பத் திரும்பக் கேட்கும். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்துவிட வேண்டும்; எத்தனை தரம் கேட்டாலும் அதே எண். இல்லையென்றால் ஆபீஸ் ஒவ்வொன்றையும் புதிது என்று நினைத்துக்கொள்ளும். கையேட்டில் அந்தப் பத்தியை வித்யா தாண்டிவிட்டாள்.

3

கதிர்வேல் ஸ்பீக்கரில் ஆபீஸ் முதலாளியைப் பிடித்தார்.

“ஏனுங்க, நான் கேட்டது ஒரு வண்டிங்க. மத்த ரெண்டுல நானும் எம்பட ஊட்டுக்காரியும் ஏறிக்கோணுங்களா?”

முதலாளி மறுமுனையில் அங்கேயே திரும்பி, பதினோரு வருஷமாக புக்கிங் பார்க்கும் இளவழகனிடம் கத்தினார்.

“நான் ஒண்ணுமே தட்டலீங்க” என்றது அவர் குரல்.

“மெஷினு தானா மூணு தரம் தட்டுமா? நாளைலிருந்து வராத!”

கதிர்வேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வித்யாவின் லேப்டாப்பில், அவள் வெப்சைட் அனுப்பிய ஒரே கோரிக்கை, எண் இல்லாமல், மூன்று வரியாகத் தெரிந்தது.

4

முடிவு அ: “தப்பு என்னுதுங்க” என்று வித்யா போனை வாங்குகிறாள். (இவ்வளவு நல்லவளை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: லேப்டாப்பை மூடிவிட்டு, “நமக்கு என்னங்க தெரியும், அவங்க ஆபீஸ் கோளாறுங்க” என்கிறாள். இதுதான் பொருந்துகிறது. ஏனென்றால் அன்று அந்த மண்டியில் அப்படிச் சொன்னது…

5

சரி. வித்யா என்று யாருமில்லை. எனக்கு மீசை உண்டு.

பெண்ணாக மாற்றினால் கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இளவழகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவருடைய முதலாளியின் எண் என்னிடம் இருக்கிறது. நாலு வாரமாக அந்த எண்ணைக் கூப்பிடாமல் இந்தக் கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

முடிவு வாசகர் கையில் என்று கதை எழுதும் எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். அப்படியென்றால் இந்தாங்க போன், பிடியுங்கள்.

ரிங் போகிறது.