செருப்பு அலமாரிக்குள் எரிந்த விளக்கு

அந்த வீட்டில் மருமகளின் கொழுந்தனுக்கு மேதை என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டதால் வந்த பெயர் அது. அந்த ஃபேன் அதற்கப்புறம் சுற்றவே இல்லை என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பல்பு மாற்றுவதிலிருந்து டிவியில் சேனல் தேடுவது வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவன்தான். அன்று காலை இன்டர்நெட் நின்றுபோனதும் அவள் புருஷனுக்குப் போன் செய்தாள். வேலைக்குப் போயிருந்த அந்த மனிதரும், தம்பியிடம் சொல், அவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மேதை பார்த்தான். ரவுட்டரைத் தூக்கிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்துகூடப் பார்த்தான். அது சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"ரவுட்டர் போச்சு அண்ணி. புதுசுதான் வாங்கணும். இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டுடுங்களேன்."

லீவு என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார் லைனில் வீட்டிலிருந்தே பேசுகிற வேலை அவளுக்கு. மதியம் இரண்டு மணிக்குக் காதில் ஹெட்செட்டை மாட்டினால் இருட்டும்வரை ஊரில் உள்ள துவைக்காத மெஷின்களெல்லாம் அவள் காதில்தான் வந்து அழும். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை லைன் போய்விட்டது. இன்னொரு முறை போனால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, ஆபீசுக்கே வந்துவிட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் தேன் ஒழுகச் சொல்லியிருந்தாள். ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. மகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு அங்கிருந்து பறந்துதான் வர வேண்டும்.

ஒரு வேலையை அவள் ஏற்கெனவே விட்டிருக்கிறாள். குழந்தை பிறந்த சமயம், இப்போதைக்கு விட்டுவிடேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீடே கூடி அன்பாகச் சொன்னது. அந்த அப்புறம் வருவதற்குள் அவளுக்குத் தலையில் நரை வந்துவிட்டது. இந்தத் தடவை யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் விடுவதாக இல்லை.

"லீவெல்லாம் போட மாட்டேன்" என்றாள்.

தொலைபேசிக் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள். நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பையன் குரல் வந்தது. அவன் பேச ஆரம்பித்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், நிச்சயம் உதவுகிறோம் என்று அவன் சொல்லச் சொல்ல, அடுத்த வரி என்னவென்று இவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. தினமும் இவள் ஒப்பிக்கிற அதே பாடம்தான், மெஷின் மட்டும் வேறு.

ஆனாலும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டான். ரவுட்டரைக் கழற்றிவிட்டு வேறு எதையாவது நேரடியாக, லைன் வந்து சேரும் மோடம் பெட்டியில் சொருகினீர்களா என்றான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், மேதையின் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். விசாரித்தால், காலையில் ஏதோ ஒரு கேமைச் சீக்கிரம் இறக்க வேண்டும் என்று ஐயா ரவுட்டர் வயரைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் சொருகியிருக்கிறார். முடிந்ததும் பழையபடி மாட்டிவிட்டாராம். அதில் என்ன தப்பு என்று வேறு கேட்டான்.

தப்பு இதுதான் என்று கம்பெனிப் பையன் விளக்கினான். மோடம் கடைசியாக யாரோடு பழகியதோ, அவரையே பிடித்துக்கொண்டு நிற்கும். இப்போது அது லேப்டாப்பை நினைத்துக்கொண்டிருக்கிறது, ரவுட்டரை ஏறெடுத்தும் பார்க்காது. மோடத்தை முழுக்க அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, ரவுட்டர் வயர் மாட்டியிருக்கும்போதே திரும்பப் போட்டால் பழசை மறந்துவிடும்.

கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது. மோடம் வாசலை ஒட்டிய செருப்பு அலமாரிக்குள் இருந்தது, போன் லைன் சுவரைத் துளைத்து வருவது அங்கேதான். அதற்கான ஸ்விட்ச் ஹாலில், சோபாவுக்குப் பின்னால். மேதை ஸ்விட்சை அணைத்தான், காத்திருந்தான், போட்டான். ரவுட்டர் சிவப்பு. மறுபடி அணைத்துப் போட்டான். சிவப்பு. இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்து பார்த்தும் அதே சிவப்புதான்.

அப்படியென்றால் உங்கள் ரவுட்டரில்தான் கோளாறு மேடம், எங்கள் கம்பெனி ரவுட்டரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பையன் பாடத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான் மேதை.

ஹாலின் மூலையில் மாமனார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்காமல் எதையும் சொல்வதில்லை என்று ஒரு வீறாப்பு அவருக்கு. அந்த வீட்டில் அவரை யாரும் எதுவும் கேட்பதும் இல்லை.

மணி ஒன்றரையைத் தாண்டியது. அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கடைசிப் பக்கம் எதற்கு இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பேசுகிறவரைக் கழற்றிவிடத்தான் இருக்கிறது. மெஷினை அணைத்துப் போட்டேன் என்று மக்கள் சத்தியம் செய்வார்கள், இவள் நம்பியதே இல்லை. பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். இன்று அவளே அந்தப் பக்கம் நிற்கிறாள், பொய்யும் சொல்லவில்லை. அணைத்தோம்தானே? அணைத்தது எதை? ஸ்விட்சை. மோடத்தை யார் பார்த்தது?

"ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காதீங்க" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டுப் போய்ச் செருப்பு அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே இருட்டில் மோடத்தின் பச்சை விளக்குகள் வரிசையாக, ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன.

மோடத்தின் கரண்ட் வயரைப் பிடித்துக்கொண்டே, அது போகும் பக்கம் கையை உள்ளே விட்டாள். மாமனாரின் பழைய பூட்சுகளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி தட்டுப்பட்டது. பேட்டரி.

"அது நான் வச்சது" என்றார் மாமனார், நாற்காலியை விட்டு எழாமல். "கரண்ட் போய் லிஃப்ட் நடுவுல நின்னா என்ன ஆகும்? அதே மாதிரிதான். உன் வேலை நடுவுல நின்னுடக் கூடாதுன்னு மழைக்காலத்துல வச்சேன்."

"சொல்லியிருக்கலாமே மாமா."

"யாராவது கேட்டீங்களா?"

கரண்ட் போனால் ரவுட்டரும் சேர்ந்து போய்விடும், மோடம் மட்டும் தனியாக முழித்துக்கொண்டு என்ன செய்யும் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இந்த வீட்டில் அவள் வேலை நிற்கக் கூடாது என்று ஒருவர் நினைத்திருக்கிறார், அதுவும் வாயைத் திறக்காமலே. மனசு ஒரு நிமிஷம் இளகிப்போனது. அப்புறம் பேட்டரியிலிருந்து வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கொஞ்ச நேரம் பொறுத்து நேராகச் சுவர் மின்சாரத்தில் மாட்டினாள். போடுங்க என்று அவள் குரல் கொடுத்ததும் ஹாலில் மேதை ஸ்விட்சைப் போட்டான். ரவுட்டரில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

போனில் அந்தப் பையன் இன்னும் இருந்தான். "வந்துடுச்சுப்பா. ரவுட்டர் நல்லாத்தான் இருக்கு. அதை எழுதி வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இரண்டு மணிக்கு ஹெட்செட்டை மாட்டினாள். முதல் அழைப்பே ஒரு பெண். மெஷின் தண்ணீரை வெளியேற்ற மாட்டேன் என்கிறது, அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், இது தேறாது புதுசு வாங்கு என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள் என்றாள். குரல் களைத்துப் போயிருந்தது. திரையில் கடைசிப் பக்கம் தானாகவே வந்து நின்றது. அதன்படி இவள் இப்போது புது மாடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் மூலையில் ஒரு குறி தெரிந்தது. சூப்பர்வைசர் ஒட்டுக் கேட்கிறாள் என்று அர்த்தம்.

அவள் அந்தக் குறியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினாள்.

"நீங்க சொல்றத நான் நம்புறேம்மா" என்றாள். "புதுசெல்லாம் ஒண்ணும் வாங்க வேண்டாம். மெஷினுக்குப் பின்னாடி ஒரு ட்யூப் வரும், அதைக் கையில பிடிச்சுக்கிட்டு அது எங்க போகுதோ அங்கயே போங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் லைன்லயே இருக்கேன்."