சொட்டுக்கூடச் சிந்தாமல்

காருக்கு அடியில் அந்தக் குழாயைப் பொருத்தியது பெர்சிக்காகத்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நடந்ததில் அவளுக்கும் பங்கு வைப்பது போல் ஆகிவிடும்.

கோச்சடையில் எங்களுடையது கீழ்வீடு. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு கார் நிற்கும் அளவுக்குச் சிமெண்டுத் தரை. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். உடைந்தது, கழன்றது எதுவானாலும் வெளியே கொடுத்துப் பழக்கமில்லை. பழைய கார் ஒன்றை வாங்கியபோது அதன் இன்ஜின் ஆயிலையும் நானே மாற்றுவதென்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் தடவை அடியில் படுத்து, ஆயில் தொட்டியின் போல்ட்டைக் கழற்றியதும் சூடான ஆயில் மணிக்கட்டில் இறங்கி அக்குள் வரை வந்தது. கை உதறியதில் பேசின் கவிழ்ந்தது. கறுப்பு ஆயில் நிதானமாக வாசல்படி வரைக்கும் போனது. என் மனைவி பெர்சி மூன்று நாள் மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தாள்.

"ஊர்ல எல்லாரும் கடையிலதான் மாத்துறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன?"

"கடைக்காரன் என்ன ஆயில் ஊத்துறான்னு நமக்குத் தெரியுமா?"

"தெரியாது. தரையை யார் தேய்க்கிறான்னு தெரியும்."

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றைத் திருத்திக்கொண்டே வந்தேன். ஐந்து லிட்டர் கேனின் பக்கவாட்டை வெட்டித் தட்டாக்கினேன். அடியில் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்தேன். கடைசியாக, போல்ட்டுக்குப் பதில் சின்னப் பித்தளை வால்வு ஒன்றை வரவழைத்துத் திருகினேன். கால் சுற்று திருப்பினால் திறக்கும். அதன் வாயில் ரப்பர் குழாயை மாட்டி, முன்பம்பருக்குப் பின்னால் கொண்டுவந்து கட்டிவைத்தேன். வால்வின் பிடியிலும் ஒரு கம்பியைக் கட்டி அங்கேயே இழுத்துவைத்தேன். இனி அடியில் படுக்கவே வேண்டாம். குழாயின் நுனியைக் கேனுக்குள் விட்டுக் கம்பியை இழுத்தால் போதும்.

வடிக்கும்போது மட்டும் குழாயை மாட்ட வேண்டும், மற்ற நேரம் கழற்றிவைத்து, பிடி திரும்பாமல் அதன் கிளிப்பைப் போட்டுவிட வேண்டும் என்று வால்வோடு வந்த தாளில் எழுதியிருந்தது. கிளிப்பைப் போட்டால் கம்பி இழுபடாது. குழாயைக் கழற்றினால் மீண்டும் மாட்ட அடியில் படுக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

திருமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் ராம்கி ஒருநாள் டயர் பார்க்கக் குனிந்தவன் அதைக் கண்டுபிடித்தான்.

"என்ன சார் இது, ஆஸ்பத்திரியில படுத்துக்கெடக்குற ஆளு மாதிரி வண்டிக்கு டியூப் சொருகி வச்சிருக்கீங்க?"

"ஆயில் மாத்த சுலபம் ராம்கி. ஒரு சொட்டு சிந்தாது."

"சிந்தாது சரி. நம்ம ரோட்டுக்கு அடியில எதுவும் தொங்கக் கூடாது சார். கழட்டிருங்க."

நான் சிரித்தேன். அவனுக்குப் பிழைப்பு போய்விடும் என்று சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து ஆயில் மாற்றினேன். பன்னிரண்டு நிமிடம். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பெர்சி டீ டம்ளரோடு வந்து நின்று, குனிந்து தரையைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே. இப்பத்தான் படிச்ச மனுஷன் செய்ற வேலை மாதிரி இருக்கு," என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க மூன்று வருடம் ஆகியிருந்தது எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பேரையூரிலிருந்து ஜினோ பேசினான். பெர்சியின் தம்பி. அப்பாவோடு அங்கேயே இருப்பவன். அவள் அப்பா ஞானம் அங்கே நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டு ஆறு மாதமாகப் படுக்கை. மூன்று வாரமாக நாங்கள் போகவில்லை. பரீட்சை, விருந்தாளி, ஏதோ ஒன்று.

"அக்கா, அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு. டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரு. உன்னையவே கேட்டுக்கிட்டு இருக்காங்க. கெளம்பி வந்துரு."

"பேசுவாங்களா?"

"இப்பப் பேசுறாங்க. நீ வா."

திருமங்கலம் தாண்டும்வரை பெர்சி கைபேசியை சார்ஜரில் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் போற வரைக்கும் இருந்தாப் போதும்," என்றாள். என்னிடம் சொன்னது போல் இல்லை.

பேரையூருக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அறுப்புக் காலத்தில் செடியைப் பிடுங்கித் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி நெற்றை உடைத்துக் கொடுக்கும். நானும் எத்தனையோ தடவை அதன் மேல் ஓட்டிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை செடி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. எதிரே பஸ் வந்ததால் ஒதுங்க வழியில்லை. நேராக ஏறினேன். அடியில் சரசரவென்று கேட்டது. பிறகு ஏதோ இழுபட்டு அறுகிற சத்தம்.

முந்நூறு அடி போவதற்குள் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. நிறுத்தி இறங்கினேன். வந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. குனிந்து பார்த்தால், உளுந்துக்கொடி குழாயையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றி இழுத்து, வால்வை முழுக்கத் திறந்து, கழுத்தையும் வளைத்திருந்தது. கடைசி ஆயில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மணி பத்து இருபது.

உளுந்துக்காரர் ஓடிவந்தார். பின்னாலேயே கையில் செடி புரட்டும் கவைக்கம்போடு அவர் மனைவி. நல்லகாமன், சின்னத்தாய் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"என்ன சார், வண்டி வகுத்துக்குக் கீழ கொழாயக் கட்டிக்கிட்டு வந்தா கொடி பிடிச்சு இழுக்கத்தான செய்யும்?" என்றார். அதற்குள் பெர்சியின் முகத்தைப் பார்த்துவிட்டார். "எங்க போகணும் தாயி?"

"பேரையூருண்ணே. அப்பாவுக்கு ரொம்ப முடியல."

"அந்தா மொபெட்டு நிக்கிது. ஏறு, கொண்டுபோயி விட்டுட்டு வாரேன். இருவது நிமிஷம்."

பெர்சி கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு நிமிஷம் இரு பெர்சி," என்றேன். "டிக்கியில ஒரு லிட்டர் ஆயில் இருக்கு. வால்வை மூடிட்டு ஊத்துனா மெதுவா போயிரலாம். மொபெட்ல இந்தப் புழுதியில எதுக்கு?"

அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாமாவை நினைக்கவில்லை. பெர்சியையும் நினைக்கவில்லை. என் வால்வு, என்னால் சரிசெய்ய முடியும் என்று நினைத்தேன். நான் செய்தது அவளை நடுரோட்டில் இறக்கிவிட்டது என்று ஆகக் கூடாது என்று நினைத்தேன்.

வால்வு மூடவில்லை. கழுத்து வளைந்ததில் பாதியில் நின்றது. வேலிக்குச்சியைச் சீவி அடைத்தேன். நிற்பது போல் இருந்தது. வைத்திருந்த ஒரு லிட்டரை ஊற்றினேன். குச்சியைத் தள்ளிக்கொண்டு அதுவும் இறங்கியது. சட்டையின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றி மீண்டும் அடைத்தேன். ஊற்ற ஆயில் இல்லை. ராம்கிக்குப் போன் செய்தேன். "இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் பண்ணிராதீங்க சார், நான் வண்டியோட வாரேன்," என்றான்.

இதற்கிடையில் நல்லகாமன் இரண்டு தடவை, "சார், புள்ளைய அனுப்பிச்சு விடுங்க, நீங்க பொறுமையாப் பாருங்க," என்றார். இரண்டு தடவையும் காருக்கு அடியிலிருந்து, "இந்தா முடிஞ்சுருச்சுண்ணே," என்றேன்.

வெளியே வந்தபோது மணி பத்து நாற்பத்தைந்து. பெர்சி அதே இடத்தில், மடியில் கைகளைக் கோத்தபடி இருந்தாள். முடியவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் இறங்கி, சேலையை இழுத்துச் செருகி, மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கைபேசியை சார்ஜரிலேயே விட்டுவிட்டாள் என்பது வண்டி வளைவில் மறைந்த பிறகுதான் தெரிந்தது.

சின்னத்தாய் ஆயில் பட்ட செடிகளைக் கம்பால் பிரித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"உங்க உளுந்தையும் கெடுத்துட்டேன்," என்றேன்.

"அதை விடுங்க. இந்தத் தண்ணியில மொகத்தக் கழுவுங்க. பேய் மாதிரி இருக்கீங்க."

பத்து ஐம்பத்தெட்டுக்கு பெர்சியின் கைபேசி அடித்தது. ஜினோ. ஆயில் கையால் அதைத் தொட யோசித்தேன். அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"அக்கா..."

"நான்தான் மாப்ள. வண்டி நின்னுருச்சு. அக்கா மொபெட்ல வந்துக்கிட்டு இருக்கா. இன்னும் ஏழெட்டு நிமிஷத்துல வந்துருவா."

அந்தப் பக்கம் யாரோ ஜெபம் சொல்வது கேட்டது.

"அப்பா இப்பத்தான் அத்தான்," என்றான் ஜினோ. "இப்பத்தான். வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குறப்பல்லாம் அவளான்னு கேட்டாங்க."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னத்தாய் கம்பை ஊன்றி என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குப் போனப் போட்டுச் சொல்லவா?" என்றாள். கொஞ்சம் யோசித்து, தானே, "வேணாம்," என்றாள். "போயிச் சேர்ற வரைக்கும் அப்பன் இருக்கான்னு நெனச்சுக்கிட்டே போகட்டும்."

அந்த ஏழெட்டு நிமிடம் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியிருந்தது. பருத்திக் காட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பஸ் வந்து உளுந்தின் மேல் ஏறிப் போனது. பெர்சி இப்போது கண்மாயைக் கடப்பாள், இப்போது ஊருக்குள் நுழைவாள், இப்போது தெரு திரும்புவாள் என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். அவள் அவரிடம் சொல்ல ஏதோ வைத்திருப்பாள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரு முனையில் ஆட்கள் நிற்பதைப் பார்ப்பாள். அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

மதியம் ராம்கி வந்து காரைக் கட்டி இழுத்துப் போனான். அடியில் பார்த்தான். தொங்கிய குழாயைக் கழற்றிச் சுருட்டி டிக்கிக்குள் போட்டான். நான் பஸ் ஏறிப் போனேன்.

அன்று முழுக்க பெர்சி என்னோடு பேச நேரமில்லை. பெண்கள் அவளைச் சுற்றி இருந்தார்கள். மறுநாள் அடக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன், கூட்டம் கொஞ்சம் விலகியபோது, பெட்டியின் தலைமாட்டில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாமாவுக்கு வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார்கள். தாடையைக் கட்டியிருந்த துணியைப் பெர்சி சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"ஜினோ எத்தனை மணிக்குப் போன் பண்ணான்?" என்றாள்.

ஜினோவிடம் கேட்டிருப்பாள். எல்லோரும் நேரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பத்து அம்பத்தெட்டு."

அவள் கணக்குப் போடவில்லை. ஏற்கெனவே போட்டுவிட்டாள். நானும் போட்டிருந்தேன். பத்து இருபதுக்கே மொபெட்டில் ஏறியிருந்தால் பத்து நாற்பதுக்கு அவர் பக்கத்தில் இருந்திருப்பாள். பதினெட்டு நிமிடம்.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துகொள்ள இடம் கிடைத்திருக்கும்.

"அந்த அண்ணே மூணு தடவை கூப்பிட்டாரு," என்றாள். துணியின் முடிச்சை விரலால் தடவினாள். "நான் போயிருக்கலாம். நீங்க சரி பண்ணிருவீங்கன்னு நம்பி உக்காந்திருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

நான் மாமாவின் மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்சி முடிச்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. வாசலில் துக்க மணி அடித்தது. பெட்டியைத் தூக்க மருமகனைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.