ஆடும் வீட்டுக்கு ஒரு விரல்

பூங்கோதை குப்பை கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் வீடு ஆட ஆரம்பித்திருந்தது. மொட்டைமாடியிலிருந்து மேல்வீடு தொங்கியது. மேல்வீட்டிலிருந்து இவள் வீடு தொங்கியது. மேல்வீடு இடப்பக்கம் போனால் இது வலப்பக்கம் போகும், இல்லாவிட்டால் கரணம் அடிக்கும். அடுத்து எங்கே வரும் என்று அந்த வீட்டுக்கே தெரியாது.

உள்ளே தூளியில் கைக்குழந்தை. பசிக்கிற நேரம். 

குடியிருப்போர் சங்கம் சும்மா இருக்குமா? கயிறு கட்டியது. ஆனால் தலைவர் குப்பண்ணன் விசில் ஊதிய பிறகுதான் யாரும் இழுக்கலாம். அது சங்கத்து வழக்கம். அவர் வீடு போகும் பக்கத்தைப் பார்த்து, செயலாளரைக் கலந்துகொண்டு, பிறகு ஊதுவார். அதற்குள் வீடு வேறு பக்கம் போயிருக்கும். ஊத ஊத ஆட்டம் கூடியது.

"நல்லாத்தானுங்க இழுக்கறோம்?" என்றார் பூங்கோதையிடம்.

அப்போதுதான் இயந்திரங்களின் ஓட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் கன்ட்ரோல் என்ஜினியர் தாட்சாயணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கயித்த விடுங்கண்ணா."

"விட்டா நிக்குங்களா?"

"எதுக்கு நிக்கோணும்? வாசப்படி இவங்க காலடிக்கு வந்தாப் போதும்."

கயிற்றை விட்டார்கள். வீடு தறிகெட்டுச் சுற்றியது. ஒருமுறை அது தாழ வந்தபோது தாட்சாயணி சுவரை ஒரு விரலால் தொட்டார். தள்ளவில்லை, தொட்டார். அடுத்த சுற்றைப் பேசாமல் விட்டுவிட்டார். அதற்கடுத்ததில் மறுபடி தொட்டார்.

அம்மாடி, என்ன விரல் அது! அத்தனை பேர் இழுத்தும் மசியாத வீடு, பிடித்த தடத்தை விடாமல் வந்து வந்து, வாசற்படியைப் பூங்கோதையின் காலடியில் காட்டிவிட்டுப் போனது.

"ஏறுங்கம்மணி."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். உள்ளே தூளி மட்டும் அசையாமல் தொங்கியது. குழந்தைக்குப் பால் கொடுத்து முடிக்கும்வரை அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

பிறகு காபி போட்டாள். ஒரு சுற்றில் ஜன்னல் வழியாகத் தாட்சாயணியிடம் டம்ளரை நீட்டினாள். அடுத்த சுற்றில் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்தான் இப்படியே நிப்பீங்க?"

பதில் வருவதற்குள் வீடு போய்விட்டது. திரும்பி வந்தபோது பதில் தயாராக இருந்தது.

"விரல எடுத்தா மறுபடி சுத்துமுங்க."

இப்படியும் ஒரு மனுஷியா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. குழந்தைக்கும் காட்டலாம் என்று தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். தாட்சாயணி சுவரைத் தொட விரலை நீட்டினார். குழந்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

வீடு நின்றது. மேல்வீடும் நின்றது. குப்பண்ணன் விசிலை வாயில் வைத்தார்.

"ஊதாதீங்கண்ணா" என்றார் தாட்சாயணி, மூச்சை அடக்கிக்கொண்டு. "இப்ப கன்ட்ரோல் பாப்பாகிட்ட இருக்குது."